பதினேழாம் பக்கத்து நிபந்தனை

கோதண்டபாணி சாருக்குப் பிடித்த வார்த்தை 'அதாவது'. அந்த ஒரு வார்த்தையை வைத்து அவர் என் தேற்றத்தில் அறுபத்து மூன்று சதவீதத்தை எடுத்துக்கொண்டார். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பங்குமானி கொடுத்த எண் 63.40.

பங்குமானி வந்த வருஷம் 2054. அதற்கு முன்னால் நடந்த அநியாயம் பழைய ஆட்களுக்குத் தெரியும். ஓர் ஆய்வுக் கட்டுரை என்றால் அதன் தலையில் ஏழெட்டுப் பெயர் இருக்கும், கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா, பெரியப்பா, மாமன்மார் பெயரெல்லாம் வருகிற மாதிரி. துறைத்தலைவர் பெயர் கட்டாயம். கருவி வாங்கக் கையெழுத்துப் போட்டவர் பெயர், அடுத்த மாதம் ஓய்வுபெறப் போகிறவர் பெயர், துணைவேந்தருக்கு வேண்டியவர் பெயர். ராப்பகலாக உழைத்த பெண்ணின் பெயர் நடுவில் எங்கேயோ நசுங்கிக் கிடக்கும். சில சமயம் அதுவும் கிடக்காது. அதனால்தான் அரசு இந்த இயந்திரத்தை எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் வைத்தபோது நான் எங்கள் துறை முழுக்க லட்டு கொடுத்தேன். அந்த லட்டுகளை நினைத்தால் இப்போதும் எரிகிறது.

அது செய்கிற வேலை எளிது. ஒவ்வோர் ஆய்வறையிலும் அதற்குக் காது உண்டு. ஒவ்வொரு கணினிக்குள்ளும் அது உட்கார்ந்திருக்கும். யார் எதைப் பேசினார், யார் எதைத் தட்டச்சு செய்தார் என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்து, கட்டுரை முடிகிற நாளில் ஒவ்வொருவர் பங்கையும் இரண்டு தசமம் வரை சொல்லிவிடும். அதில் யாரும் கை வைக்க முடியாது. சட்டத்தில் இரண்டு பிரிவுகள் இருந்தன. பங்கு எவ்வளவோ பெருமை அவ்வளவு என்றது முதல் பிரிவு. பங்கு எவ்வளவோ பொறுப்பு அவ்வளவு என்றது இரண்டாவது. இரண்டாவதை யாரும் ஊன்றிப் படிக்கவில்லை. ஆய்வுக் கட்டுரையால் யாருக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தோம்.

நான் ஜெசிந்தா. திருச்சிக்காரி. கணிதத் துறையில் ஒன்பது வருஷமாக ஒப்பந்த உதவிப் பேராசிரியர். ஒரே ஒரு கட்டுரையிலாவது இருபது சதவீதம் காட்டினால்தான் நிரந்தரம் என்று விதி. வேலை வேண்டும்தான். ஆனால் அதைவிட எனக்கு வேண்டியிருந்தது வேறு. நான் கண்டுபிடித்த ஒன்றின் பக்கத்தில் என் பெயர் இருக்க வேண்டும். நாளைக்கு யாரோ ஒருவர் அதைப் பயன்படுத்தும்போது அடிக்குறிப்பில் 'ஜெசிந்தா, 2057' என்று எழுத வேண்டும். பேராசை என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

கோதண்டபாணி சார் பொறியியல் பக்கம் நீரியல் துறைத் தலைவர். சிரித்த முகம். எல்லாருடைய பிறந்தநாளும் ஞாபகம் வைத்திருப்பார். வெண்கரை ஏரிக்கு மேலே எட்டு ஏரிகள் சங்கிலி மாதிரி இருக்கின்றன. ஒன்று நிரம்பினால் அடுத்ததற்குப் போகும், கடைசியில் எல்லாத் தண்ணீரும் வெண்கரைக்கு வரும். மழைக்காலத்தில் ஷட்டரை எப்போது திறப்பது என்பது பெரிய தலைவலி. முன்னதாகத் திறந்தால் கோடையில் குடிக்கத் தண்ணீர் இல்லை. தாமதித்தால் கீழே இருக்கிற மதகடி நகர் மூழ்கும். இதற்கு ஒரு கணக்கு வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்.

எட்டு மாதம் நான் என் அறையில் தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு யோசித்தேன். எங்கள் தொழில் அப்படித்தான். மணிக்கணக்கில் விட்டத்தைப் பார்ப்போம், பிறகு பென்சிலால் நாலு வரி எழுதுவோம், அதில் மூன்றை அடிப்போம். திங்கள்கிழமைதோறும் நீரியல் துறையில் கூட்டம். அங்கே போய் அந்த வார விஷயத்தைச் சொல்வேன்.

"சார், எட்டு ஏரியிலேருந்தும் வர்ற தண்ணிக்கு ஒரு மேல்வரம்பு கிடைச்சிருச்சு. எந்த மணி நேரத்துலயும் வெண்கரைக்குள்ள அதுக்கு மேல தண்ணி வராது. அதை வச்சு ஷட்டரை எவ்வளவு நேரம் தள்ளிப் போடலாம்னு சொல்லிரலாம்."

நான் சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அதாவது..." என்று தொடங்குவார். பிறகு ஒன்றரை மணி நேரம் நான் சொன்னதையே அவர் சொல்வார், தன் மாணவர்கள் மூன்று பேருக்கும். நடுவில் தன் கல்லூரிக் காலத்துக் கதைகள் வரும். அந்த மூவரும் அதைத் தட்டச்சு செய்வார்கள். சுவரில் இருந்த பங்குமானியின் பச்சை விளக்கு ஆனந்தமாக எரிந்துகொண்டிருக்கும்.

2057 ஜனவரியில் பங்கு வந்தது. கோதண்டபாணி 63.40. அவருடைய மாணவர்கள் மூவரும் சேர்ந்து 35.48. ஜெசிந்தா 1.12.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனேன். தமிழ்த் துறை உமையாள் அங்கே வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பத்து வருஷச் சிநேகிதி.

"ஒண்ணு புள்ளி ஒண்ணு ரெண்டா? தசமத்தையாவது விட்டு வச்சானே," என்றாள்.

"உனக்குச் சிரிப்பா இருக்கு. உனக்கென்னடி, எப்பவும் நூறு."

"நாங்க தனியா உக்காந்து தனியா எழுதறவங்க. எங்க துறையில ரெண்டு பேர் பேரு போட்டாலே சண்டை வந்துரும். இயற்பியல்காரங்களப் பாரு, ஒரு கட்டுரைக்கு மூவாயிரம் பேரு. அவங்களுக்கு ஆளுக்குப் புள்ளி பூஜ்யம் மூணு வந்தாலே பொங்கல் வைக்கறாங்க. மருத்துவத்துல கடைசிப் பேரு தலைவரு. உங்க கணக்குல எப்படி?"

"அகர வரிசை. பெரியவங்க சின்னவங்க கிடையாது. யாரு எவ்வளவு செஞ்சான்னு கேக்கறதே எங்க பழக்கத்துல அநாகரிகம்."

"அதான் விஷயம். இந்த மிஷினைக் கட்டினவங்க ஆய்வகத்துல வேலை செய்யறவங்க. அங்க வேலைன்னா சத்தம் கேக்கும். கண்ணாடிக் குடுவை, பேச்சு, கீபோர்டு. நீ படுத்துக்கிட்டு விட்டத்தைப் பாத்தா அதுக்கு என்ன தெரியும்? தூங்கறேன்னு நெனச்சிருக்கும்."

அவள் வேடிக்கைக்குச் சொன்னாள். ஆனால் நான் கொடுத்த முறையீட்டு மனுவுக்கு மூன்று வாரம் கழித்து வந்த பதிலில் அப்படியேதான் இருந்தது. 'செயலற்ற நேரம்: 412 மணி. பங்களிப்பாகக் கொள்ள இயலாது.' என் பென்சில் நோட்டைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருந்தேன். அது கோதண்டபாணி சாரிடம் இருந்தது, படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப் போயிருந்தார். நோட்டு எங்கே வைத்தேனோ தெரியவில்லையே என்றார். நானூற்றுப் பன்னிரண்டு மணி நேரமும் என் மூளை கொதித்துக்கொண்டிருந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் செயலற்ற நேரம்.

நேராக அவர் அறைக்குப் போய்க் கேட்டேன்.

"சார், இது யாரோட தேற்றம்?"

"டீ சாப்பிடுறியாம்மா?"

"உங்களுக்கு மனசாட்சி இருக்கா சார்?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. "ஜெசிந்தாம்மா, நானா போட்டேன் இந்த எண்ணை? மிஷின் போட்டது. நான் பேசினேன், அது கேட்டுச்சு. நீயும் பேசியிருக்கலாம்ல? வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க," என்று சிரித்தார்.

மார்ச்சில் கட்டுரை வெளிவந்தது. பொதுப்பணித் துறை அந்த முறையை வெண்கரை ஏரியில் பொருத்தியது. தொலைக்காட்சியில் அவர் மேல்வரம்பு பற்றி அழகாகப் பேசினார். 'கோதண்டபாணி முறை' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

நவம்பரில் ஐந்து நாள் விடாமல் மழை. ஆறாம் நாள் காலை, மேலே இரண்டாவது ஏரியின் கரை உடைந்தது. அந்தத் தண்ணீர் வந்து மூன்றாவதை உடைத்தது. இரண்டும் சேர்ந்து நான்காவதை உடைத்தன. வெண்கரையில் ஷட்டரைத் திறக்க இன்னும் நாலு மணி நேரம் பொறுக்கலாம் என்று கோதண்டபாணி முறை சொல்லிக்கொண்டிருந்தது. காலை ஒன்பதே முக்காலுக்கு மதகடி நகருக்குள் தண்ணீர் புகுந்தது. முப்பத்தெட்டுப் பேர் செத்துப் போனார்கள்.

அப்போதுதான் எல்லாரும் இரண்டாவது பிரிவைப் படித்தார்கள். உயிர்ச்சேதம் ஏற்பட்டால், ஐம்பது சதவீதத்துக்கு மேல் பங்கு உள்ளவர் மீது குற்ற வழக்கு. மற்றவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு சரி.

காணாமல் போன என் பென்சில் நோட்டு ஒரே வாரத்தில் கிடைத்துவிட்டது. கோதண்டபாணி சாரே அதை விசாரணை ஆணையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். கூடவே ஒரு மறுகணக்கீட்டு மனு. அதில் அவர் இணைத்திருந்தது என்ன தெரியுமா? நான் கொடுத்து நிராகரிக்கப்பட்ட என் முறையீடு. 'இந்தத் தேற்றம் முழுக்க முழுக்க என்னுடையது' என்று நான் எழுதிய வாக்கியத்துக்குக் கீழே கோடு போட்டிருந்தார். ஆணையம் நோட்டைப் பக்கம் பக்கமாகப் பங்குமானிக்குக் காட்டியது. இந்த முறை அதற்கு எல்லாம் நன்றாகப் புரிந்தது. ஜெசிந்தா 81.75. கோதண்டபாணி 9.60. மாணவர்கள் 8.65.

ஒன்பது வருஷம் காத்திருந்து கிடைத்த எண். அதைப் பார்த்து நான் சிரித்தேன் என்றால் நம்புவீர்களா? பக்கத்தில் யாரும் இல்லை. தனியாக உட்கார்ந்து கெட்ட வார்த்தை சொல்லிச் சிரித்தேன்.

விசாரணை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கூட்ட அரங்கில் நடந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சம்பந்தமூர்த்தி தலைமை. அவருக்குப் பின்னால் பெரிய திரையில் மூன்று எண்களும் தெரிந்தன. பொதுமக்களும் வரலாம் என்பதால் மதகடி நகர் ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் தினமும் ஒரே அம்மா வந்து உட்காருவார். பெயர் அஞ்சலாட்சி. மடியில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு ஃபைல் இருக்கும். தண்ணீர் ஏறும்போது அவர் மகள் மோனிஷா, வேலைக்கு வேண்டுமே என்று தன் சர்டிபிகேட்டுகளை எடுக்க வீட்டுக்குள் போயிருக்கிறாள். ஃபைல் பீரோ மேலே நனையாமல் கிடைத்தது. மகள் மூன்றாம் நாள் கிடைத்தாள்.

ஆறாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள்.

"இந்த நோட்டு உங்களுடையதா?" என்றார் நீதிபதி.

"ஆமாங்கய்யா."

"தேற்றம்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கும் ஞாபகம் இல்லை, கூட்டத்தில் எல்லாரும் பேசியதுதான் என்று இழுத்திருந்தால் ஐம்பதுக்குக் கீழே வந்திருக்கும். சொல்ல வாய் வரவில்லை. "என்னோடதுதான். ஒவ்வொரு வரியும் என்னோடது. அதனால கடைசி வரி வரைக்கும் படிக்கச் சொல்லுங்க," என்றேன்.

நோட்டின் அந்தப் பக்கத்தைத் திரையில் போட்டார்கள். தேற்றத்தின் கீழே பென்சிலால் ஒரே ஒரு வரி. குறியீடுகள்தான். "இதைத் தமிழ்ல சொல்லுங்க," என்றார் நீதிபதி.

"மேல இருக்கற ஏரி ஒண்ணு உடைஞ்சு, அந்தத் தண்ணி அடுத்த ஏரியை உடைக்காத வரைக்கும்தான் இந்த மேல்வரம்பு செல்லும். அப்படி உடைஞ்சா இது செல்லாது. இந்த நிபந்தனை இல்லாம என் தேற்றமே கிடையாதுங்கய்யா. நாங்க முதல்ல அனுப்பின கட்டுரையில பதினேழாம் பக்கத்துல இது இருந்துச்சு. அச்சுல வந்த கட்டுரையில இல்ல."

அரங்கத்தில் சலசலப்பு. திரைக்குப் பக்கத்தில் பங்குமானியை இயக்க உட்கார்ந்திருந்த பெண்ணை நீதிபதி பார்த்தார். "பதினேழாம் பக்கத்திலிருந்து அந்த வரியை நீக்கியது யார் என்று பங்குமானியைக் கேளுங்கள்."

அவள் கேட்டாள். திரையில் பதில் வந்தது. 'நீக்கங்கள் பங்களிப்பு அல்ல. நீக்கங்கள் சேமிக்கப்படுவதில்லை.'

கோதண்டபாணி சார் தானாகவே எழுந்து நின்றார். வெள்ளம் வந்து போன பத்து வாரத்தில் அவருக்குப் பத்து வயது கூடியிருந்தது. "நான்தான் எடுத்தேங்கய்யா. இதழ்க்காரங்க ரெண்டு பக்கம் குறைக்கச் சொன்னாங்க. கணக்குக்காரங்க எல்லாப் பேப்பர்லயும் இப்படி நாலு வரி சாங்கியத்துக்கு எழுதுவாங்க. முக்கியமான எச்சரிக்கைன்னா எங்க துறையில கட்டம் கட்டி, கொட்டை எழுத்துல போடுவோம். இது ஒரு ஓரத்துல கிடந்துச்சு. சத்தியமா எனக்கு அது என்னன்னு புரியல."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. புரியாத ஒன்றுக்கா ஐயா அறுபத்து மூன்று சதவீதம் வாங்கினீர்கள் என்று கத்தினேன். நீதிபதி மேசையைத் தட்டினார். நான் நிறுத்தவில்லை. ஒன்றரை மணி நேரம் 'அதாவது' சொன்னீர்களே, அதில் ஒரு தடவையாவது இந்த வரிக்கு அர்த்தம் கேட்டீர்களா என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பின்வரிசையில் ஒருவர் கை தட்டினார். ஒன்பது வருஷக் கோபமும் நியாயமாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்போது அஞ்சலாட்சி எழுந்தார்.

"ஐயா, நான் படிக்காதவ. எழுதினவங்க பேரு மேல போட்டிருக்கு. எடுத்தவரு யாருன்னு இப்பத்தான் தெரிஞ்சுது." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அவரு எடுத்ததுக்கப்புறம் நீங்க அதைப் பாக்கவே இல்லியா? உங்ககிட்ட காட்டாமயேவா போட்டாங்க?"

அதுவரை யாரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. நீதிபதி கேட்கவில்லை, இயந்திரம் கேட்கவில்லை, உமையாள்கூடக் கேட்கவில்லை.

கட்டுரை அச்சேறுவதற்கு முந்தைய மாதம், பிப்ரவரி ஒன்பதாம் தேதி, அதன் இறுதி வடிவம் வந்தது. எல்லாரும் படித்துவிட்டு விரல் ரேகை வைக்க வேண்டும். முறையீடு நிராகரிக்கப்பட்டு நாலு நாள் ஆகியிருந்தது. பதினேழாம் பக்கத்தில் அந்த வரி இல்லை என்பதைப் பார்த்தவுடனே கண்டுபிடித்தேன். என் வரி அல்லவா. எழுந்து நீரியல் துறைக்குப் போய் அவர் அறைக் கதவைத் தட்டியிருக்கலாம். ஒரு மின்னஞ்சல் போதும். போகட்டும் என்று தோன்றியது. ஒன்று புள்ளி ஒன்று இரண்டு சதவீதக்காரி எதற்குப் பதினேழாம் பக்கம் வரைக்கும் படிக்க வேண்டும்? எங்கள் துறையில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. நிபந்தனை இல்லாமல் ஒருவர் தேற்றம் வெளியிட்டால், எங்கேயோ ஒரு கணிதக்காரர் அதைப் படித்துவிட்டு, அது தவறு என்று காட்ட ஒரே ஓர் எதிர் எடுத்துக்காட்டைப் போடுவார். இரண்டு பக்கக் கட்டுரைதான். வெளியிட்டவர் மானம் கப்பலேறும். எங்கள் துறையில் தவறு யாரையும் கொல்வதில்லை, வெட்கப்பட மட்டும் வைக்கும். அப்படி ஒன்று வரட்டும், நாலு பேர் முன்னால் இந்த மனுஷன் தலைகுனியட்டும், அப்போது இது யாருடைய தேற்றம் என்று உலகத்துக்குத் தெரியட்டும் என்று நினைத்துக்கொண்டு விரலை வைத்தேன். வைத்தபோது சந்தோஷமாக இருந்தது.

எதிர் எடுத்துக்காட்டு நவம்பரில் வந்தது. மூன்று ஏரி, முப்பத்தெட்டுப் பேர்.

"சொல்லுங்கம்மா," என்றார் அஞ்சலாட்சி.

"பாத்தேன்," என்றேன்.

"பாத்துட்டு?"

"சொல்லல."

"ஏன்?"

"கோவம்."

பங்குமானியை இயக்கிய பெண் எதையோ தட்டினாள். பின்னால் திரையில் ஒரு வரி ஓடியது, 'மௌனம் பங்களிப்பு அல்ல. மாற்றம் இல்லை.' கோதண்டபாணி சார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நிம்மதிகூட இல்லை, பயந்துபோனவர் மாதிரி இருந்தார்.

அஞ்சலாட்சி மடியிலிருந்து நழுவிய ஃபைலைக் குனிந்து எடுத்துக்கொண்டார். அதுவரை 'நீங்க' என்றவர் அதை விட்டுவிட்டார்.

"அவரு புரியாம எடுத்தாரு," என்றார். "நீ புரிஞ்சு விட்ட."

நான் திரும்பித் திரையைப் பார்த்தேன். ஜெசிந்தா 81.75 என்று இருந்தது. அந்த எண் குறைவாகப் பட்டது.